பயன்பெற்றவர் பேசுவார்

இப்படி உள்ள தள்ளி உக்காரு தாயி, ஜன்னல் ஓரமா. எனக்கு ஜன்னல் வேணாம். காத்துக்கு எதிர்ல பேசுனா வாயெல்லாம் மண்ணு. அந்தப் பைய மடியில வச்சுக்கிட்டு அல்லாடாத, கீழ வையி. மூட்டை இடிக்குதா? இடிச்சாத் தள்ளிவிடு, புண்ணாக்குதான். கையில என்ன அது, சார்ட்டா? ஏறும்போதே பாத்தேன். கழுத்துல அட்டை, கையில சுருட்டுன சார்ட்டு, தூசி படாத செருப்பு. பயிற்சி குடுக்க வர்ற பிள்ளைன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். எந்த ஊருக்கு? நடுவப்பட்டிக்கா! ஆத்தி, அது எங்க ஊருல்ல!

என்ன பயிற்சி? காளானா? மண்புழு உரமா? சத்துமாவா? இரு இரு, சொல்லாத, எதுவா இருந்தா என்ன. நான் கேக்க வந்தது வேற. கடைசியில நன்றி சொல்லிப் பேச ஆளு வச்சிருக்கியா? வைக்கல பாரு. புதுசா வர்ற பிள்ளைகளுக்கு அது ஞாபகமே இருக்காது. கவலப்படாத, நான் இருக்கேன். என் பேரு சீனியம்மா. என்ன, பேரச் சொன்னதும் பையத் துழாவுற? டிக்கெட்டத் தேடுறியா? இந்தக் கண்டக்டர் பாலம் தாண்டித்தான் வருவான், நிதானமா எடு.

எங்க ஊருல பயிற்சின்னா அதுக்கு ஒரு முறை இருக்கு தாயி. முதல்ல தமிழ்த்தாய் வாழ்த்து. அப்புறம் வரவேற்பு. அப்புறம் சார் பேசுவாக, மேடம் பேசுவாக. அப்புறம் டீயும் வடையும். வட உள்ள போனதும் சனம் செருப்பத் தேட ஆரம்பிக்கும். அந்த நேரம் பாத்து மைக்கப் பிடிச்சு, "அடுத்ததாக, பயன்பெற்றவர் பேசுவார்"ம்பாக. அம்புட்டுத்தான். சமுதாயக்கூடத்துல இருக்குற பொம்பளைக பூராவும் தரையப் பாப்பாளுக. ஒருத்தி ஒழுகாத மூக்கப் பிள்ளைக்குச் சிந்திவிடுவா. ஒருத்தி தூணுக்குப் பின்னால ஒதுங்குவா. வந்த மேடம் பாவம், திருதிருன்னு முழிப்பாக. அப்ப எந்திரிக்கிறது யாரு? நான்தான்.

பயிற்சி அன்னைக்கே எப்படிப் பயன்பெற்றேன்னு கேக்காத. அதெல்லாம் கேக்கப்படாது. கல்யாண வீட்டுல மொய் எழுதுறவரு பொண்ணுக்கு மாமாவா, சித்தப்பாவான்னா கேக்குறோம்? எழுதத் தெரிஞ்சவரு எழுதுறாரு. அதே மாதிரி எனக்குப் பேச வரும், பேசுறேன். "முன்னாடி நான் இருட்டுல இருந்தேன், இப்ப வெளிச்சத்துக்கு வந்துட்டேன்"னு ஆரம்பிப்பேன். அது எல்லாத்துக்கும் பொருந்தும். புகையில்லா அடுப்புக்கும் அதுதான், வங்கிக் கணக்குக்கும் அதுதான். சக்கர வியாதி முகாம்ல பேசுனேன், எனக்குச் சக்கரையே கிடையாது. அம்புட்டு உருக்கமாப் பேசுனதுல நர்ஸம்மா என் வடையப் பிடுங்கிட்டாக.

கண் முகாம்ல மட்டும் கொஞ்சம் சிக்கலாப் போச்சு. "முன்னாடி நான் இருட்டுல இருந்தேன்"னு சொல்லி வாய மூடல, டாக்டர் ஓடி வந்து கண்ணுல மருந்த ஊத்தி, ஆபரேசனுக்கு ஏத்துற வேன்ல உக்கார வச்சுட்டாரு. வேன் கிளம்பிருச்சு. எங்க வீட்டுக்காரரு சைக்கிள்ல வெரட்டி வந்து எறக்குனாரு. அன்னையில இருந்து கண்ணுக்கு மட்டும் அந்த வரியச் சொல்றதில்ல.

சிரிக்கிற. சிரி சிரி. ஆனா வீட்டுல எதையும் வீணாக்குனதில்ல, பாத்துக்க. புகையில்லா அடுப்புல வெங்காயம் போட்டு வச்சிருக்கேன், அழுகவே அழுகாது. காளான் குடிசையில கோழி அடையுது. கை கழுவுற பயிற்சியில குடுத்த வாளி இன்னும் இருக்கு, மாவு போட்டு வைக்க. குடுத்த பொருளக் கண்ணுங்கருத்துமா வச்சிருக்கவ நான் ஒருத்திதான்.

இப்ப ஒரு வருசம் முன்னால அசோலா வந்துச்சு. தெரியும்ல? நீ படிச்ச பிள்ள, தெரியாமலா. தண்ணியில மிதக்குற பச்சப் பாசி. மாட்டுக்குப் போட்டா பால் கூடும்னு பிரிசில்லா மேடம் வந்து சொன்னாக. நல்ல மேடம், ஆனா பிடிவாதம். ஆளுக்கு ஒரு தார்ப்பாய், ஒரு வாளி அசோலா குடுத்தாக. குழி வெட்டி, தார்ப்பாய விரிச்சு, மண்ணும் சாணித் தண்ணியும் ஊத்தி, நிழல்ல வளக்கணுமாம். நான் தார்ப்பாயப் பாத்தேன். நல்ல கனமான தார்ப்பாய். அதுல போயி சாணியக் கரைக்கச் சொன்னா மனசு வருமா? மிளகாய் காயப் போடுறதுக்கு எடுத்து வச்சுக்கிட்டேன். வாளியும் நல்ல வாளிதான். உள்ள இருந்த பாசிய என்ன பண்றதுன்னு தெரியல, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ன பஞ்சவர்ணத்தக் கூப்பிட்டு, "இந்தா, இத எங்கயாவது கொட்டிட்டு வாளியக் குடு"ன்னேன்.

பஞ்சவர்ணம் யாருன்னு சொல்லல பாரு. எங்க கொழுந்தன் பொண்டாட்டி. எனக்கு ஓரகத்தி. என்னய அக்கான்னு கூப்பிடுவா, அதுவும் வருசத்துக்கு நாலு தடவதான். அவளுக்குப் பேச்சே கிடையாது. மாட்டுக்கிட்ட மட்டும் பேசுவா. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல முள்ளுவேலி. அதுக்குக் காரணம் ஒரு முருங்கை மரம். தூரு என் பக்கம், கிளை அவ பக்கம் போயிருச்சு. அவ காய் பறிச்சுட்டா. நான் ஒண்ணும் பெருசாச் சொல்லல. தெரு முக்கு வரைக்கும் கேக்குற மாதிரி லேசாச் சொன்னேன், அம்புட்டுத்தான். எதுத்து ஒரு வார்த்த சொல்லியிருந்தான்னா சண்டை அன்னைக்கே முடிஞ்சிருக்கும். அவ உள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டா. பேசாத ஆளுகிட்ட எப்படிச் சமாதானம் ஆகுறது? அன்னைக்குப் போட்ட வேலி அது. நான்தான் ஆளு விட்டு அடைச்சேன்.

சரி, பேச்சுக்கு வர்றேன். பாசி குடுத்த மறுமாசம், அசோலா பயிற்சி முடிஞ்ச அன்னைக்கு நான் பேசுன பேச்சு இருக்கு பாரு, அந்த மாதிரி இனி ஒருத்தி பேச மாட்டா. "இந்தப் பச்சத் தங்கம் எங்க வீட்டுக்கு வந்துச்சு, எங்க மாடு அரை லிட்டர் கூடக் கறக்குது"ன்னு சொல்லிக் கண்ணத் தொடச்சேன். பிரிசில்லா மேடமே கண்ணத் தொடச்சாக. எங்க மாட்ட நாங்க அதுக்கு முந்துன பொங்கலுக்கே வித்தாச்சு. அதனால என்ன? மாட்டத்தான வித்தோம், வாயவா வித்தோம்?

அந்தப் பேச்சக் கேட்டுட்டுத்தான் பிரிசில்லா மேடம், "சீனியம்மா, மாவட்ட விழாவுக்கு உங்க பேரைக் கொடுத்திருக்கேன். முன்னோடின்னு பொன்னாடை போடுவாங்க. மேடையில பேசணும்"னு சொன்னாக.

எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல தாயி. அந்த விழா நடக்குற மண்டபத்த நான் வெளிய நின்னு பாத்திருக்கேன். உள்ள குளுகுளுன்னு இருக்கும். மைக் தானா நிக்கும், யாரும் பிடிக்க வேணாம். அதுல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ ஏறிப் பேசிறணும்னு எனக்கு ஆசை. சொல்றதுக்கு என்ன வெக்கம்? வீட்டுல நான் பேசுனா யாரு கேக்குறா? நான் வாயத் தொறந்தா அவரு துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய போயிருவாரு. மகன் போன்ல "சரிம்மா, சரிம்மா, வைக்கிறேன்"ம்பான். மைக்ல பேசுனாத்தான் நான் சொல்றத முடிக்கிற வரைக்கும் கேக்குறாக. ஒரு மனுசி பேசி முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் கேட்டா அது எம்புட்டுப் பெரிய சந்தோசம், உனக்கென்ன தெரியும், சின்னப் பிள்ள.

இதோ இந்த வளைவுல கெட்டியாப் பிடிச்சுக்க. குலுக்கி எடுத்துருவான்.

எங்க விட்டேன்? ஆங். நான் பேச்ச மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துக்கிட்டு இருக்கேன், அந்த நேரத்துல மேடம் வந்து ஒரு குண்டப் போட்டாக. "விழாவுக்கு முன்னாடி பெரிய ஆபீசர் உங்க வீட்டுக்கு வந்து அசோலாவையும் மாட்டையும் பார்ப்பாரு. நாளைக்குக் காலையில"ன்னாக.

நீயே சொல்லு, இது நியாயமா? இத்தன வருசம் நன்றி சொல்லியிருக்கேன், ஒரு ஆளு வீட்டுக்கு வந்து பாத்ததுண்டா? நன்றி சொன்னவ வீட்டுல போயிச் சோதனை போடுறது எந்த ஊரு வழக்கம்? ஒரு நம்பிக்கை வேணாமா? மனசே விட்டுப் போச்சு. அசோலாவும் இல்ல, மாடும் இல்ல. இனி நடுவப்பட்டியில எவ மூஞ்சியில முழிப்பேன், மண்டபமும் போச்சு, மைக்கும் போச்சுன்னு அடுப்படியில உக்காந்து அழுதுட்டேன்.

அழுகைய நிறுத்தி நிமிந்து பாத்தா, வேலிக்கு அந்தப் பக்கம் பஞ்சவர்ணம் வாசல்ல பச்சப்பசேல்னு ஒரு குழி! கொட்டச் சொன்னத அவ கொட்டவே இல்ல தாயி. பழைய உரச்சாக்கப் பிரிச்சுத் தச்சு, குழி வெட்டி, என்னோட முருங்கை மர நிழல்லயே வளத்துக்கிட்டு இருக்கா. பக்கத்துல அவ மாடு, கொழுகொழுன்னு. இம்புட்டு நாளு என் கண்ணுல படவே இல்ல. வேலியில பீர்க்கங்கொடி படந்து மறைச்சிருந்துச்சு, இப்பத்தான் காஞ்சு சந்து விட்டிருக்கு.

போனேன். வேற வழி? வேலி ஓரமா நின்னு, "ஏ பஞ்சவர்ணம்"னேன். விசயத்தச் சொன்னேன். ரெண்டு குத்துப் பாசிய அள்ளிக் குடு, துணி தொவைக்கிற தொட்டியில போட்டுக்கிறேன்னேன். அவ யோசிச்சா. "சோப்புத் தண்ணியில செத்துப் போகும்க்கா"ன்னா. அப்ப மாட்டயாவது இந்தப் பக்கம் ஓட்டி விடுன்னேன். மறுபடியும் யோசிச்சா. அவ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கு உசுரே போயிருச்சு. அப்புறம் மெதுவாச் சொன்னா, "பேசாம வேலியப் பிரிச்சிருவோம்க்கா."

பாத்தியா? வேலி இல்லேன்னா எல்லாம் ஒரே வாசல். குழியும் என் வாசல்ல, மாடும் என் வாசல்ல. ஒரு பொய் கூடச் சொல்ல வேணாம். அந்த யோசன எனக்கு வந்திருக்கணும், வாய் அவளுக்குத் தொறந்துருச்சு. விடிஞ்சும் விடியாம ரெண்டு பேரும் அருவாளத் தூக்கிக்கிட்டு நின்னோம். கையெல்லாம் முள்ளு. அவ என் கையில ஏறுன முள்ளப் பின்னூசியால எடுத்தா, நான் அவ கையில எடுத்தேன். ஒரு பேச்சும் பேசல. பேச என்ன இருக்கு, ஆபீசர் வர்ற நேரம். மதியத்துக்கு மேல திரும்ப அடைச்சிறலாம்னுதான் முள்ள ஓரமா அடுக்கி வச்சோம்.

ஆபீசர் வந்தாரு. நல்ல மனுசன், செருப்பக் கழட்டிட்டு வந்தாரு. கூட பிரிசில்லா மேடம், போட்டோ பிடிக்கிற ஒருத்தரு. நான் குழி ஓரமா நின்னு பேசுனேன் பாரு, அவரு தலையாட்டிக்கிட்டே இருந்தாரு. பஞ்சவர்ணத்த நான் தூரத்துல நிறுத்தியிருந்தேன், ஏதாச்சும் உளறிருவாளோன்னு. பேசவே தெரியாதவ எங்கிட்டு உளற! எல்லாம் நல்லாத்தான் போச்சு. கடைசியில ஆபீசர், "அந்தக் கூடுதல் அரை லிட்டரை எங்களுக்கும் காட்டுங்களேன். கொஞ்சம் கறங்க பார்ப்போம்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு.

நானும் பால் கறக்காதவளா? செம்ப எடுத்துக்கிட்டுக் குத்தவச்சேன். அந்த மாடு என்னயத் திரும்பிப் பாத்துச்சு. நீ யாருடின்னு கேக்குற பார்வை. மடியில கைய வச்சதுதான் தெரியும். ஒரே எத்து! செம்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். போய் விழுந்தது எங்கன்னு நினைக்கிற? அந்தக் குழிக்குள்ளதான். சாணித் தண்ணியும் பாசியுமா, தலையில இருந்து கால் வரைக்கும் பச்ச. பிரிசில்லா மேடம் வாயப் பொத்திக்கிட்டாக, பதறிப் போயின்னு நினைச்சேன், சிரிச்சிருக்காக.

நான் உள்ள ஓடித் தலையில தண்ணிய ஊத்திக்கிட்டு இருக்கேன். வெளிய என்ன நடந்துச்சுன்னா, பஞ்சவர்ணம் வந்திருக்கா. மாட்டுக் கழுத்தத் தடவி, "ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்ல, அது நம்ம அக்காதான்"னு சொல்லியிருக்கா. உக்காந்து கறந்திருக்கா. செம்பு நொரை தள்ளியிருக்கு. ஆபீசரு, "நீங்க யாரும்மா?"ன்னு கேட்டிருக்காரு. எனக்கு உள்ள குளிக்கிற இடத்துல காதுல விழுது. செம்பக் கையில பிடிச்சவ அப்படியே நின்னுட்டேன். இந்தா சொல்லப் போறா, முருங்கைக்காய்க்குச் சேத்து வாங்கப் போறா, போச்சு போச்சுன்னு நிக்கிறேன். அவ சொன்னா, "நானும் இந்த வீடுதான் சார்"னு.

அம்புட்டுத்தான் சொன்னா. நான் தலையில தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தேன். தண்ணி தீந்து போச்சு, அப்பவும் செம்ப முக்கிக்கிட்டே இருந்தேன்.

அதோட முடிஞ்சிருந்தா நான் ஏன் உன்கிட்டப் புலம்பப் போறேன். அந்தப் போட்டோக்காரரு, நான் உள்ள இருந்த நேரத்துல, பஞ்சவர்ணம் கறக்குறதப் படம் பிடிச்சுட்டாரு. ஒரு வாரத்துல பஸ் ஸ்டாண்டுல ஆளுயரத்துக்கு ஒரு பிளெக்ஸ். அசோலா பத்தி நாலு வரி, கீழ பெரிய எழுத்துல "முன்னோடி திருமதி சீனியம்மாள், நடுவப்பட்டி". பேரு என் பேரு. மூஞ்சி பஞ்சவர்ணம் மூஞ்சி! வயிறு எரியுமா எரியாதா? டீக்கடையில எல்லாம், "என்ன சீனியம்மா, படத்துல பத்து வயசு கொறஞ்சுட்ட, அசோலாவ நீ தின்னியா?"ன்னு கேலி. பிரிசில்லா மேடத்துக்கிட்டப் போயி மூஞ்சிய மாத்துங்கன்னா, "அச்சடிச்சாச்சு, இருக்கட்டும்"னு அவுக பாட்டுக்குப் போறாக.

அதுக்கப்புறம் வெளியூருல இருந்து சனம் வர ஆரம்பிச்சுச்சு. குழியப் பாக்க, மாட்டப் பாக்க. பிளெக்ஸப் பாத்துட்டு வர்றவுக நேரா பஞ்சவர்ணத்துக்கிட்டப் போயி, "வணக்கம் சீனியம்மா"ம்பாக. அவ முழிப்பா. நான் ஓடிப் போயிப் பக்கத்துல நிப்பேன். அவுக அவளக் கேப்பாக, நான் பதில் சொல்லுவேன். எனக்குத் தெரியாதத அவகிட்டக் கேப்பேன், அவ என் காதுல சொல்லுவா, நான் உரக்கச் சொல்லுவேன். அலையாத அலைச்சல். காலையில ஒரு கூட்டம், சாயங்காலம் ஒரு கூட்டம். வேலிய அடைக்கலாம்னா நேரம் எங்க இருக்கு?

மாவட்ட விழா நாளும் வந்துச்சு. யாரு மேடை ஏறுறது? பேரு எனக்கு, மூஞ்சி அவளுக்கு. அங்க எல்லாரும் படத்தப் பாத்தவுக. நான் ஏறுனா, நீ யாருன்னு எறக்கி விட்டுருவாக. அதனால அவளத்தான் ஏத்தணும்னு முடிவாச்சு. நான் அவளுக்குப் பேச்சுச் சொல்லிக் குடுத்தேன். தொழுவத்துல உக்கார வச்சு, "முன்னாடி நான் இருட்டுல இருந்தேன், சொல்லு"ம்பேன். "எதுக்குக்கா? கரெண்டு இருந்துச்சே"ம்பா. இவள வச்சுக்கிட்டு என்ன செய்ய! என் மண்டபம், என் மைக்கு, என் பேச்சு. அதத் தூக்கி இவ வாயில வைக்கிறேன், இவ துப்புறா. எனக்கு எப்படி இருந்திருக்கும்? ராணி மாதிரி ஒரு சீலைய எடுத்து அவளுக்குக் கட்டி விட்டேன், என் சீலதான், கட்டி விடும்போது எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

மண்டபம் நிறைஞ்ச கூட்டம். நான் நடுவரிசையில உக்காந்திருக்கேன். "சீனியம்மாள்"னு கூப்பிட்டாக. நான் எந்திரிச்சுட்டேன், பழக்கதோசம். முன்வரிசையில அவளும் எந்திரிச்சா. நான் உக்காந்துட்டேன். அவ ஏறுனா. பொன்னாடை போட்டாக. மைக் முன்னால நிறுத்துனாக. நிக்கிறா, நிக்கிறா, வாயே தொறக்கல. எனக்கு இங்க உதடு தானா அசையுது, "முன்னாடி நான் இருட்டுல, முன்னாடி நான் இருட்டுல"ன்னு. பக்கத்துல இருந்த அம்மா, எனக்குச் சாமி வந்துருச்சோன்னு தள்ளி உக்காந்தாக.

அப்புறம் பஞ்சவர்ணம் பேசுனா. "என் பேரு பஞ்சவர்ணம். சீனியம்மா எங்க அக்கா. அந்தா உக்காந்திருக்கு. பாசிய எனக்குக் குடுத்தது அதுதான். எனக்குப் பேச வராது, அது பேசும். கூப்பிடுங்க."

பாசியக் குடுத்தது நான்தானாம். வாளியக் கேட்டதச் சொல்லல. முருங்கைக்காயச் சொல்லல.

எல்லாரும் திரும்பிப் பாத்தாக. நான் ஏறுனேன். கால் மேடையில பட்டுச்சா, காத்துல நின்னுச்சா, தெரியல. மைக் தானா நிக்குது. எதிர்ல அம்புட்டுத் தலை. ஆசைப்பட்ட எடம். "முன்னாடி நான் இருட்டுல"ன்னு ஆரம்பிச்சேன். அடுத்த வரி வரல தாயி. எனக்கு! இந்தச் சீனியம்மாவுக்கு! பக்கத்துல அவ என் சீலையக் கட்டிக்கிட்டு, பொன்னாடைய எடுத்து என் தோள்ல போட்டுக்கிட்டு இருக்கா. மைக்லதான் ஏதோ கோளாறு, உள்ள இருந்து என்னமோ இழுத்துச்சு.

அப்ப பின்னால இருந்து ஒரு பெரியவரு எந்திரிச்சாரு. "ஏம்மா, எங்க மாடு அதத் திங்க மாட்டேங்குதே, மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிது. என்ன செய்ய?"ன்னாரு.

"அலசாமப் போட்டா எந்த மாடு திங்கும்?"னு கேட்டுட்டேன். வீட்டுக்கு வர்றவுககிட்டத் தினம் சொல்லிச் சொல்லி வாயில இருந்தது அது. "சாணி வாடை போக நல்ல தண்ணியில அலசணும். எடுத்த எடுப்புல தனியாப் போடாதீக, தவிட்டுலயும் புண்ணாக்குலயும் கலந்து கொஞ்சமா வையிங்க, நாக்குக்குப் பழகட்டும்"னேன். இன்னொரு அம்மா எந்திரிச்சு, குழியில பாசி செவந்து போகுதுன்னாக. வெயில் அடிக்குதா, நிழலுக்கு மாத்துங்கன்னேன். கோழிக்குப் போடலாமான்னு ஒருத்தரு. தார்ப்பாய் இல்லாட்டி என்ன பண்ணன்னு ஒருத்தரு. உரச்சாக்கத் தச்சுப் போடுங்க, எங்க பஞ்சவர்ணம் அப்படித்தான் போட்டான்னேன். தெரியாதத அவகிட்டக் குனிஞ்சு கேட்டுக் கேட்டுச் சொன்னேன். சொல்லிக்கிட்டே இருந்தேன். மணி அடிச்சாக. எறங்கிட்டேன்.

எறங்குன பிறகுதான் சுருக்குன்னுச்சு. நன்றியே சொல்லல! ஆபீசருக்கும் சொல்லல, பிரிசில்லா மேடத்துக்கும் சொல்லல. என் வாழ்நாள்ல மைக்கப் பிடிச்சு நன்றி சொல்லாம எறங்குனது அன்னைக்குத்தான். எத்தன வருச ஆசை, அந்த மேடையில ஏறி மாட்டுத் தீவனம் பேசிட்டு வந்திருக்கேன் பாரு! கூட்டம் எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு, பாவம் பாத்துத் தட்டிருப்பாக. ஆபீசர் எந்திரிச்சு ரெண்டு பேருக்கும் கும்பிடு போட்டாரு, அது மரியாதைக்கு. பஸ்ல வரும்போது பஞ்சவர்ணத்துக்கிட்டக் கூடச் சொல்லி அழுதேன், "கெடுத்துட்டேனேடி"ன்னு. "இல்லக்கா, முடிக்கிற வரைக்கும் எல்லாரும் கேட்டாக"ன்னா. அவளுக்கு என்ன தெரியும், பேச்சப் பத்தி.

அதான் தாயி, உன்கிட்டக் கேக்குறேன். இன்னைக்கு ஒரு வாய்ப்புக் குடு. முறையா ஒரு நன்றி சொல்லிக்கிறேன், பட்ட அவமானம் தீரட்டும். அந்தா பாரு, புளியமரம் தெரியுது, அடுத்த நிறுத்தம் நம்ம ஊருதான். இந்த மூட்டைய ஒரு கை பிடி. இது அவ மாட்டுக்குத்தான். அவள விட்டா கடைக்காரன் ஏமாத்திருவான், பேசத் தெரியாதுல்ல, அதான் நானே போயி வாங்கியாறேன். வேலியா? அடைக்கணும், அடைக்கணும். முள்ளு இருந்தாத்தான? அடுக்கி வச்சதுல பாதிய அவ வெறகுக்குப் போட்டா, மீதிய நான் போட்டேன். இனி மழை விட்டுத்தான் புது முள்ளு வெட்டணும். மழையே வரக் காணோம்.

என்ன, சொல்லு. ஏறுனதுல இருந்து என்னமோ சொல்ல வாயத் தொறக்குற, தொறக்குற. என்னது? பயிற்சி இல்லையா? அப்புறம் எதுக்கு நடுவப்பட்டிக்கு வர்ற? எங்களப் பாக்கவா? கையில இருக்குற காகிதத்துல எங்க ரெண்டு பேரு பேருமா? அதுக்குத்தான் பையத் துழாவுனியா, டிக்கெட்டுன்னுல நினைச்சேன்! மேலூருல பயிற்சியா, இந்தச் சார்ட்டும் அதுக்கா? நாங்க போயிச் சொல்லிக் குடுக்கணுமா? வரவேற்பு முடிஞ்சதும் சார் பேசுற எடத்துல நாங்களா?

ஆத்தி. சத்தியமாவா?

இரு, அந்தக் காகிதத்த இப்படிக் காட்டு. பஞ்சவர்ணம் கேட்டா மயங்கி விழுந்துருவா. சரி, வர்றோம். அவ செஞ்சு காட்டட்டும், நான் சொல்றேன். அப்ப அந்த ஊருல கடைசியில எந்திரிச்சு நன்றி சொல்றது யாரு? எவளாச்சும் இருப்பா, தூணுக்குப் பின்னால ஒதுங்காத ஒருத்தி. கண்ணத் தொடச்சுக்கிட்டு நல்லாப் பேசுவா. பேசட்டும், முடிக்கிற வரைக்கும் கேப்போம். ஆனா ஒண்ணு சொல்றேன் தாயி, அவ வீட்ட மட்டும் சொல்லாமக் கொள்ளாமப் போயிப் பாத்துறாதீக. முதல் நாளே ஒரு வார்த்த சொல்லி விட்டுருங்க. வேலியப் பிரிக்க அவளுக்கும் நேரம் வேணும்ல.